பானெட் மேல் வைத்த கை

காரின் பானெட் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் பார்ப்பது போல முதலில் உள்ளங்கையை வைத்தேன், சந்தேகம் தீராமல் புறங்கையையும் வைத்தேன். வடவள்ளியில் மலைக்காற்று வீசுகிற காலை, வெயில் இன்னும் போர்ட்டிகோவுக்குள் வரவில்லை. தானாகச் சூடாக ஒரு காரணமும் இல்லை. "காலையில வண்டியை எடுத்தீங்களா?" என்று கேட்டேன். "இல்லைங்க சார், ஒரு வாரமா யாரும் தொடவே இல்லைங்க" என்றார் சென்னியப்பன். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, என் வயதுதான் இருக்கும். சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்தார். பொய் சொல்கிறவர்கள் ஏதாவது ஒரு பொருளைப் பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்த காலமெல்லாம் நொறுங்கிய வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்ட பொய்களில் பாதியை மரத்தைப் பார்த்தபடிதான் சொன்னார்கள். இது பழைய வித்தை. வாங்க ஆள் வருவதற்கு முன்னால் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவது. சூடான இன்ஜின் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ராத்திரியெல்லாம் ஆறிக் கிடந்ததை எழுப்பும்போதுதான் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எங்கே தட்டுகிறது என்பதெல்லாம் வெளியே வரும். விளம்பரத்திலேயே 'இன்ஜினில் சிறு குறை உண்டு' என்று போட்டிருந்தார்கள். அந்தச் சிறு குறை எவ்வளவு பெரியது என்று கேட்கத்தான் வந்திருந்தேன். "அப்படின்னா ஆறட்டுங்க, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றேன். "எதுக்குங்க சார்? இப்பவே ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேனுங்க." "வேண்டாங்க. ஆறட்டும்." அவர் மறுபடியும் கேட்டைப் பார்த்தார். "சம்சாரம் பேரூர் கோயிலுக்குப் போயிருக்காளுங்க. அவ வர்றதுக்குள்ள முடிச்சுட்டாத் தேவலைங்க." அவசரப்படுத்துவதும் பழைய வித்தைதான். பிளாஸ்டிக் நாற்காலியைக் காரின் மூக்குக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இரண்டே கதவு, இரண்டே இருக்கை, படுத்த மாதிரி தாழ்ந்த உடம்பு. விளக்கு கண் இமை மாதிரி மூடிக்கொள்ளும், போட்டால் எழுந்து பார்க்கும். கருநீலம். மேலெல்லாம் நேற்றுத் துடைத்த பளபளப்பு, சக்கரத்தின் உள் வளையத்தில் கூடப் புழுதி இல்லை. வாங்குகிறவனுக்காகத் துடைக்கிறவர்கள் அந்த இடம் வரைக்கும் போகமாட்டார்கள், அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் நான் கதவிடுக்குகளையும் மட்கார்டு விளிம்பையும்தான் பார்த்தேன், மறுபெயின்ட் அடித்த இடம் எங்கே, தட்டி நிமிர்த்திய இடம் எங்கே என்று. முந்தின நாள் போனில் சென்னியப்பன் "பையன் வண்டிங்க. பையன் இப்ப இல்லைங்க" என்று சொன்னதும் என் வாயில் வந்த முதல் சொல் "ஆக்சிடென்டா?" "இல்லைங்க. காமாலைங்க" என்றார், பலமுறை சொல்லித் தேய்ந்த குரலில். இந்த மாதிரி வண்டி வைத்திருந்த பிள்ளை இறந்தால் வண்டிதான் கொன்றிருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அந்த எல்லோரில் ஒருவன்தான். பிரசன்னா என்று பெயர். ரேஸ் வண்டிகளுக்கு இன்ஜின் சரிசெய்கிற கம்பெனியில் வேலை, அங்கே கழித்துப் போட்டதைத் தவணையில் எடுத்துத் தானே ஓட வைத்தானாம். அவனைக் கொன்றது ஏதோ ஒரு கடைத் தண்ணீர். அப்படியிருந்தும் இப்போது இங்கே உட்கார்ந்து மட்கார்டு விளிம்பில் ஒரு விபத்தைத் தேடுகிறேன். இல்லை. ஒரு கீறல் கூட இல்லை. கண்ணுக்கு வேலையில்லாமல் போனதும் அது இருக்கைகளுக்குப் போனது. இரண்டு இருக்கை. என் மனைவி இந்திராணி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? முன்பே ஒருமுறை சொன்னாள். பத்திரிகையில் இதே மாதிரி வண்டிப் படம் வந்தபோது மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்து, "மாமியாரை ஏத்த இடமே இல்லாத வண்டி. கல்யாணம் ஆன புதுசுலயே இதை வாங்கியிருக்கணும் நீங்க" என்றாள். அம்மா அப்போது உள்ளறையில் இருந்தாள், காது நன்றாகக் கேட்கும். நான் பதறினேன். இந்திராணி தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தோள் குலுங்கியது ஞாபகம் இருக்கிறது. முகம் ஞாபகம் இல்லை, தலையணையில் இருந்ததால்.

சென்னியப்பன் காபி கொண்டுவந்தார். டம்ளரின் வெளிப்பக்கமெல்லாம் வழிந்திருந்தது, வீட்டில் காபி போட்டுப் பழகாத கை. "பால் காலையிலயே காய்ச்சி வச்சதுங்க, அதான் சூடு பண்ணேன்" என்று எதற்கோ மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். எழுந்து போய் பானெட்டைத் தொட்டேன். சூடு விளிம்புகளிலிருந்து போய்விட்டது, நடுவில் மட்டும் இருந்தது. அப்படித்தான் போகும். கை, கால், காது, அப்புறம் நடு. உட்கார். காபி குடி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் எதற்கு இந்த வண்டியை வாங்க வேண்டும் என்று மகள் நித்யா போனில் கேட்டாள், பெங்களூரிலிருந்து, பின்னால் குழந்தை அழுகிற சத்தத்தோடு. சரியாக இப்போதுதான் அழைக்க வேண்டுமா. "அப்பா, எங்க இருக்கீங்க? நெசமாவே கார் பார்க்கப் போயிட்டீங்களா?" "பார்க்கத்தான் வந்தேன்." "ரெண்டு சீட்டு! நானும் அவரும் பாப்பாவும் வந்தா டிக்கியிலயா உட்கார்றது?" "நீங்க எப்ப வர்றீங்க?" என்றேன். குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அது அப்படித்தான் ஒலித்தது. "இன்ஜின் கெட்டுப் போன வண்டிப்பா அது. கெட்டுப் போனதைப் போய் யாராவது வாங்குவாங்களா?" என்றாள். வாங்குவார்கள், நித்யா. ஓடுகிற வண்டி எனக்கு எதற்கு, ஓட்டிக்கொண்டு எங்கே போவது. விடிந்து எழுந்தால் பீளமேட்டு வீட்டில் என் கை பட்டுச் சரியாக வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை. குழாய் சொட்டுவதில்லை, ஃபேன் சத்தம் போடுவதில்லை, உன் அம்மா எல்லாவற்றையும் ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏதோ ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டு, தேய்ந்தது எது என்று பார்த்து, மாற்றி, மூடி, அது பழையபடி ஓடியதென்றால். என் உத்தியோகத்தில் நான் ஒரு வண்டியைக்கூடச் சரிசெய்ததில்லை. இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "பாப்பா அழுவுது, போய்ப் பாரு" என்றேன். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். "காபி குடிச்சுட்டிருக்கேன்." வைத்துவிட்டாள்.

உட்கார்ந்திருக்க முடியாமல் பானெட்டைத் தூக்கினேன். சென்னியப்பன் ஓடிவந்து தாங்குகம்பியை மாட்டிக் கொடுத்தார். வண்டி பற்றி ஒன்றும் தெரியாதவர், அந்தக் கம்பி எங்கே மாட்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். ஆயில் கோட்டுக்கு மேலேயே நின்றது, குறையவில்லை, கூடியிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். பெட்ரோல் வாசம். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்தேன். உள்பக்கம் முழுக்க வெளுத்த மஞ்சளில் ஆடை படிந்திருந்தது, ஆறின பாலின் ஆடை போல. விரலால் வழித்தேன். இது இன்று காலை வந்ததல்ல. எனக்காக ஒருநாள் சூடாக்கி வைத்ததில் இது வராது. இன்ஜினை எழுப்பி, முழுச் சூடு ஏறுவதற்கு முன்னால் அணைத்து, மறுநாள் எழுப்பி, அணைத்து, இப்படி மாதக்கணக்கில் செய்தால் வரும். ஓட்டாமல் நின்ற இடத்திலேயே. உள்ளே கோத்த ஈரம் காய்வதற்கு நேரமில்லாமல் ஆயிலில் சேரும். எரியாத பெட்ரோலும் வழிந்து சேரும். ஆயில் தண்ணீராகும், பிறகு இரும்பை இரும்பு தின்னும். வண்டி நிற்கிற தரையைப் பார்த்தேன். டயரைச் சுற்றிச் சிமென்ட் வேறு நிறத்தில் இருந்தது. நகர்ந்து வெகுகாலம் ஆகிறது. நகராமல் தினமும் ஓடுகிறது. யார் செய்வார்கள் இதை? சென்னியப்பனைப் பார்த்தேன். அவர் என் விரலில் இருந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் ஸ்டார்ட் பண்றீங்களா?" என்றேன். இந்தத் தடவை அவர் கேட்டைப் பார்க்கவில்லை. "நான் பண்றதில்லைங்க சார்" என்றார். மேலே கேட்டிருக்கலாம். சர்வேயராக இருந்தால் கேட்டிருப்பேன். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினேன்.

ஆறட்டும் என்று எதற்குச் சொன்னேன். ஆறுவதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது என்று எனக்குத் தெரியாதா. அன்று ஆஸ்பத்திரியில் இந்திராணியைப் பார்த்த டாக்டர் நல்லவர்தான், சின்ன வயது, தூங்காத கண். "இன்னும் நேரம் இருக்குங்க சார். நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். நேரம் இருக்கிறது என்று சொன்னதை நான் நம்பினேன். பத்திரத்தில் எழுதினது மாதிரி நம்பினேன். போனேன், குளித்தேன், சாப்பிடவில்லை, ஆனால் ஷேவ் செய்தேன். அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. சோப்பு நுரை, கண்ணாடி, கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிதானமாக. மூன்று நாள் தாடியோடு போனால் 'என்ன இது சாமியார் வேஷம்' என்பாள் என்று நினைத்து ஷேவ் செய்தேன். திரும்பிப் போனபோது நர்ஸ் வெளியே வந்து "இப்பத்தான் சார்" என்றாள். இந்திராணியின் கை சூடாக இருந்தது. விரல் நுனியில் இல்லை, உள்ளங்கையில் இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன், என் சூடு போய் அவள் சூடு குறையாமல் இருக்கும் என்பது போல. இப்பத்தான். இப்பத்தான் என்றால் எப்போது? லிஃப்டுக்காக நின்றபோதா, பைக்கை நிறுத்த இடம் தேடியபோதா, கன்னத்தை இழுத்துப் பிடித்தபோதா? டாக்டர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எப்ப வேணாலும் ஆகலாம் சார், போகாதீங்க என்று சொல்லியிருந்தால் அதைக் கேட்டு நான் உடைந்திருப்பேன், அது வேறு. ஆனால் உள்ளே இருந்திருப்பேன். எழுந்து போய் பானெட்டை மூடி மறுபடியும் தொட்டேன். தகரம் குளிர்ந்துவிட்டது. உள்ளே கை விட்டால் இரும்பில் இன்னும் கொஞ்சம் இருக்கும். விடவில்லை.

கேட் திறந்தது. கையில் பேரூர் விபூதிப் பொட்டலத்தோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். ஒல்லி, தலை முழுக்க நரை, செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். சென்னியப்பன் எழுந்து நின்றார், ஆபீசில் மேலதிகாரி வந்தது போல. "இவரு... சும்மா பார்க்க வந்தாருங்கொ..." என்று மனைவியிடமே மரியாதை போட்டு உளறினார். அந்த அம்மாள், பூங்கொடி, என்னைப் பார்த்து "வாங்கண்ணா" என்றார். பிறகு கணவரிடம், "ஏனுங்க, விக்கறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? பேப்பர்ல வீட்டு நம்பரைக் குடுத்தா போனு வீட்டுக்குத்தான வரும். நேத்து நீங்க வெளிய போனப்பல்லாம் நாந்தான் எடுத்துப் பேசினேன். ஒருத்தன் ஏசி இருக்கான்னு கேக்கறான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சென்னியப்பனுக்கும் வந்திருக்கும், வேறொரு வீடாக இருந்தால். "காபி குடுத்தீங்களா அண்ணனுக்கு? எந்தப் பால்ல போட்டீங்க?" "காலைப் பால்லதான்." அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். யாரும் கேட்காமலேயே சொன்னார். "அவன் விடிஞ்சதும் எழுந்திரிச்சு வண்டியை ஸ்டார்ட் பண்ணுவானுங்கண்ணா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் பால் வெப்பேன். பால் பொங்கறதுக்கும் அவன் அணைச்சுப் போட்டு உள்ள வர்றதுக்கும் சரியா இருக்கும். இப்ப நானே போயி ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, வந்து பால் வெக்கறேன். பொங்குனா அணைச்சர்றேன். ஓட்டத் தெரியாதுங்கண்ணா எனக்கு. சாவியத் திருப்பறது மட்டும் அவன் காட்டிக் குடுத்திருக்கான்." பால் பொங்கும் நேரம். அதுதான் அந்த ஆடை. பால் பொங்கும் நேரத்தில் இந்த இன்ஜினுக்குப் பாதிச் சூடு கூட ஏறாது. சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கா மனைவிக்கா என்று தெரியாமல், "வெளியில சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க. அந்தச் சத்தம் முடிஞ்சு அமைதியாகுமே, அதைத் தினமும் கேக்க என்னால முடியலைங்க" என்றார். ஒரே வீட்டில் ஒரே சத்தம். அதன் முதல் பாதியில் ஒருவர் உயிர் வாழ்கிறார், பின் பாதியில் ஒருவர் சாகிறார். நான் என்ன செய்வது. வாங்கினால் இந்த அம்மாளின் காலையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். வாங்காமல் எழுந்து போனால் அவர் நாளையும் சாவியைத் திருப்புவார், நாளை மறுநாளும், ஒருநாள் பால் பொங்குவதற்கு முன்னால் உள்ளே ஏதோ உடைகிற ஓசையோடு அது நிற்கும், அவர் கை சாவியில் இருக்கும்போதே. எனக்குக் கேட்டது, உடைகிற அந்த ஓசை, நான் இன்னும் கேட்டிராத இன்ஜினிலிருந்து.

"சத்தம் மாறிப் போச்சுங்கண்ணா" என்றார் அந்த அம்மாள். "முன்ன மாதிரி இல்லை. டக்கு டக்குன்னு உள்ள யாரோ தட்டற மாதிரி. கொஞ்ச நாளா." குரலைத் தாழ்த்திக் கேட்டார், "நான் பண்ணதுல கெட்டுப் போச்சுங்களா?" என் உத்தியோகமே இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான். சேதத்துக்குக் காரணம். ஒவ்வொரு வண்டிக்கும் காரணத்தை எழுதியிருக்கிறேன், உறவினர்கள் அழுதுகொண்டு நிற்கும்போதும் எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்துக் கூட மாற்றி எழுதியதில்லை. விரலிடுக்கில் இன்னும் அந்த ஆடையின் பிசுக்கு இருந்தது. "இல்லைங்கம்மா. பழைய வண்டி. ரேஸ்ல ஓடித் தேஞ்சது" என்றேன், போர்ட்டிகோவின் மூலையில் இருந்த செம்பருத்தியைப் பார்த்தபடி. சென்னியப்பன் நான் துடைத்த கைக்குட்டையைப் பார்த்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு ஓடுமுங்கண்ணா?" இதற்கும் ஒரு செம்பருத்தி இருந்தது. நேரம் இருக்குங்கம்மா என்று சொன்னால் போதும். இதமான வாக்கியம், நானே அதைக் கேட்டு வீட்டுக்குப் போய்க் கன்னம் வழித்தவன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "தெரியாதுங்கம்மா. எப்ப வேணாலும் நின்னுரும். நாளைக்குக் காலையிலயே நிக்கலாம்." அவர் அழவில்லை. விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, காரின் மூக்கில் வைத்தார், மகனின் நெற்றியில் வைத்துப் பழகிய அதே வேகத்தில். "அப்ப நீங்க கொண்டு போயிருங்க" என்றார். "என் கையில நிக்க வேண்டாம்."

ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லிச் சாவியை நீட்டினார் சென்னியப்பன். இதற்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன், இன்ஜினும் நன்றாக ஆறிவிட்டது. "வேண்டாங்க" என்றேன். "ஸ்டார்ட் பண்ணாமக் கொண்டுபோக முடியுங்களாண்ணா?" என்று கேட்டார் அந்த அம்மாள். முடியும். தெரு இறக்கம், கீழே மெயின் ரோட்டுக்கு வண்டி இழுக்கிறவனை வரச்சொல்லிப் போன் போட்டேன். பணமும் ஆர்.சி. புத்தகமும் பிறகு கைமாறட்டும், நித்யா கத்தட்டும். கதவைத் திறந்து உள்ளே இறங்கினேன். ஏறுவதில்லை இதில், இறங்குவதுதான், ஒரு குழிக்குள் போல. பக்கத்து இருக்கை கால்மாட்டில் ஒரு ரப்பர் செருப்பின் தடம் காய்ந்திருந்தது, சாவி திருப்ப வருகிறவருடையதாக இருக்கும், ஓட்டுகிற இருக்கையில் அவர் உட்கார்ந்ததில்லை போல. சாவியை வாங்கி ஸ்டியரிங் பூட்டு விடுபடும் வரை மட்டும் திருப்பி, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். "தள்ளுங்க" என்றேன். முதலில் அசையவில்லை, டயர் சிமென்டோடு ஒட்டிக்கிடந்தது. இருவரும் சேர்ந்து தள்ள, ஒரு சின்ன விம்மலோடு விடுபட்டு, கேட்டைத் தாண்டி, தெருவில் திரும்பி, தானாக உருளத் தொடங்கியது. என் கால் பழக்கத்தில் ஆக்சிலேட்டரைத் தேடியது, உடனே விலக்கிக்கொண்டேன். சத்தமே இல்லை. ஒரு வீட்டில் குக்கர், ஒரு வீட்டில் குழந்தையை அதட்டும் குரல், எல்லாம் கேட்டது. ஆள் இல்லாத பக்கத்து இருக்கை என்னோடு இறங்கி வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். சென்னியப்பன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தள்ளிய கையை இன்னும் இறக்கவில்லை.